மூணு நூலும் பத்து மில்லியும்

“மூணு நூல் நட்டா? அது முடிஞ்சு ரெண்டு கெழமையாச்சே தங்கச்சி. திங்கக்கெழமை வந்து பாருங்க.”

சொல்லிவிட்டு முதலாளி ஸமீம் அடுத்த ஆளுக்குப் பெயின்ட் டின் எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டார். பதுளை பசார் வீதியில் சனிக்கிழமை மத்தியானம் என்றால் ஹார்ட்வெயார் கடையில் நிற்கவே இடம் இருக்காது. பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார். கமலாதேவி கவுண்டரை விட்டு நகரவில்லை.

“முதலாளி, முந்தாநாளு இங்கதானே வாங்கினேன். பத்து போல்ட்டு, பத்து நட்டு. இன்னும் எட்டு நட்டு வேணும்னுதான் இன்னைக்கு வந்தேன்.”

“எங்கட கடையிலயா?”

“ஆமாங்க. அந்தத் தங்கச்சிதான் எடுத்துக் குடுத்தாங்க.”

கடைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத ஜெஸீமா பில் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

கமலாதேவி பூவும் கற்பூரமும் போட்டிருந்த பையைக் கவுண்டரில் வைத்தாள். கைப்பைக்குள் கைவிட்டு, மாதிரிக்கென்று கொண்டுவந்திருந்த ஒரு போல்ட்டை எடுத்துக் கொடுத்தாள். அதில் நட்டும் ஏறியிருந்தது. ஸமீம் அதை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கினார். கிலுகிலு என்றது. அவர் முகம் மாறியதைக் கமலாதேவி பார்த்தாள்.

“ஜெஸீமா, இந்த நட்டு எந்தப் பெட்டியில எடுத்த?”

“மூணு நூல் பெட்டி காலி நானா. பத்துப் பெட்டியில எடுத்தேன்.” முதலாளியை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

“ஏன்?”

“மூணு நூல்னா பத்துதானே. நீங்கதானே செல்லித் தந்தீங்க.”

“நான் கம்பிக்குச் சொன்னேன் புள்ள.”

“போட்டுப் பாத்துத்தான் குடுத்தேன் நானா. லேசா ஏறிச்சு.”

“லேசா ஏறினதுதான் பிழை.”

ஜெஸீமா சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். வீடு கட்டுகிறவர்கள் மூணு நூல் கம்பி என்று கேட்பார்கள், கடைக்காரர் பத்து மில்லிக் கம்பியை வெட்டிக் கொடுப்பார். வித்தியாசம் அரை மில்லி. சீமெந்துக்குள் போகிற கம்பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பதுளையில் அப்படிக் கட்டிய வீடு எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால் நட்டுக்குள் வெட்டியிருக்கிற புரி சீமெந்து இல்லை. அங்கே அரை மில்லி என்பது பெரிய இடைவெளி.

ஸமீம் ஒரு துண்டு இரும்பை எடுத்தார். துளைக்குள் கமலாதேவியின் போல்ட்டை நுழைத்து, நட்டைப் போட்டு, மேசையோரத்து வைஸில் கடித்துப் பிடிக்க வைத்தார். ஸ்பேனரால் இறுக்கினார். நட் இறுகியது. இறுகி நின்றது.

“நல்லாத்தானே இருக்கு” என்றாள் கமலாதேவி.

“இதோட விட்டா யாருக்கும் நல்லாத்தான் தெரியும்.”

இன்னும் ஓர் இழுப்பு இழுத்தார். கர் என்று ஒரு சத்தம். ஸ்பேனர் சும்மா சுற்றியது. ஸமீம் நட்டை விரலால் பிடித்துத் திருகாமலே உருவி எடுத்தார். அதோடு தலைமுடி மாதிரிச் சுருண்ட வெள்ளை இரும்புச் சீவல் கொஞ்சம் கவுண்டரில் விழுந்தது.

“இதை எதுல பூட்டீக்கி தங்கச்சி?”

கமலாதேவி அந்தச் சீவலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பறவைக் காவடிச் சட்டத்துல.”

பெயின்ட் டின்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். டிரக்டர் பெட்டியில் இரும்புச் சட்டம் நிறுத்தி, அதிலிருந்து முன்னால் நீளும் குழாயில், முதுகிலும் தொடையிலும் கொக்கி மாட்டிய ஆளைக் குப்புறத் தொங்கவிட்டு ஊர்வலம் போவதைப் பார்க்காதவர் பதுளையில் யாரும் இல்லை.

“யாரு தொங்குறது?”

“எங்க அண்ணன். ரெண்டு மணிக்கு.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

அண்ணன் நல்லையா தொங்கப் போவது அவளுக்காகத்தான். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன கமலாதேவியிடமிருந்து எட்டு மாதம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் அவளை இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றிவிட்டிருந்தார்கள். தங்கச்சி உயிரோடு திரும்பி வந்தால் பறவைக் காவடி எடுப்பதாக நல்லையா மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டான். போன தீபாவளிக்கு அவள் வந்துவிட்டாள். இந்த வைகாசியில் அவன் தொங்க வேண்டும். கோயிலின் பழைய மரச்சட்டம் உளுத்துப்போயிருந்ததால் ஹாலிஎலயில் புதிய இரும்புச் சட்டம் செய்வித்தார்கள். ஆண்கள் எல்லாரும் பந்தல் வேலையில் நின்றதால் போல்ட் வாங்க அவள் போனாள். ‘மூணு நூல் போல்ட்டு பத்து, நட்டு பத்து’ என்று துண்டில் எழுதிக் கொடுத்தது டிரக்டர் ஓட்டும் துஷாந்த். சட்டத்தைப் பூட்டியதும் அவன்தான். இன்று காலையில் ஆட்டிப் பார்த்துவிட்டு, “லேசா ஆடுற மாதிரி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு நட்டு போட்ருவோம், டவுனுக்குப் போறதானே, எட்டு வாங்கிட்டு வா” என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பூவை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

“மூணு நூல் நட்டு எங்கயும் கிடைக்காதா?”

“எனக்கில்லாட்டி இந்த வீதியில ஒருத்தனுக்கும் இல்லே. எல்லாருக்கும் ஒரே லொறிதான்.” ஸமீம் பெட்டிகளை இழுத்தார். “நட்டை மட்டும் மாத்துற கதை வேணாம். செட்டையே மாத்துங்க. பத்து மில்லி போல்ட்டு, பத்து மில்லி நட்டு, வோஷர். இது ரெண்டும் ஒரு தாய்ப் புள்ள. துளை என்ன அளவுல போட்டீக்கி?”

“தெரியாதுங்க.”

“மூணு நூலுக்கே கணக்காத் துளைச்சிருந்தா பத்து போகாது. கொஞ்சம் தாராளமாத் துளைச்சிருந்தா போகும்.” பையில் அந்தப் பழைய போல்ட்டையும் நட்டையும் திருப்பிப் போட்டு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றையும் வைத்தார். “நட்டுக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு வேணும். அவங்கிட்ட ஒண்ணு ஈக்கும். இதைக் கொண்டு போங்க.”

ஜெஸீமா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அக்கா, நான் வேணும்னு...”

“அதெல்லாம் பொறகு பேசலாம்மா” என்று கமலாதேவி வெளியே ஓடினாள். ஸமீமும் பின்னாலேயே வந்து, எதிரில் ஓட்டோவுக்குள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த அலவியைக் கூப்பிட்டார்.

“அலவி, சோத்தைக் கட்டு. மொட்டப்பாறைத் தோட்டம். எவ்வளவு சுருக்கா முடியுமோ அவ்வளவு சுருக்கா.”

“மொட்டப்பாறையா? அந்த ரோட்டுல ஏறினா என்ட வண்டியில நட்டெல்லாம் கழருமே நானா.”

அலவி பார்சலை மடித்து வைத்தான்.

ஹாலிஎல வரைக்கும் தார் ரோடு. அதற்குப் பிறகு கல்லும் குழியும். கமலாதேவி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தாள், நட்டை ஏற்றினாள், கழற்றினாள், மறுபடி ஏற்றினாள். புதிய நட் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. குலுக்கினாலும் சத்தம் வரவில்லை. இவ்வளவுதான் வித்தியாசம். இதை அன்றைக்கே ஒரு தடவை குலுக்கிப் பார்த்திருக்கலாம். பஸ்ஸில் வீடு வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளே.

“துளைக்குள்ள போகுமா அண்ணே?”

“எனக்கென்ன தெரியும் தங்கச்சி? போகாட்டி ஆளை எறக்க வேண்டியதுதான்.”

“எறக்க மாட்டாங்க.”

“ஏன்?”

“ஏத்தினா கோயில்லதான் எறக்கணும். நடுவுல எறக்கினா நேர்த்தி கெட்டுரும். யாருக்காக நேந்தாங்களோ அவங்களுக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க.”

அலவி கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“அப்ப ஒங்களுக்குத்தானே ஆகாது?”

“ஆமா.”

“அதுக்கு நீங்க பயப்படல்லையா?”

“அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

தோட்டத்து எல்லையில் நுழையும்போதே தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஒன்றே முக்கால்தான் ஆகியிருந்தது. ஆனால் தெற்கே மேகம் கறுத்து நின்றதைப் பார்த்து முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் முதல் லயத்தை ஓட்டோ தாண்டியபோது ரோடு முழுக்க மஞ்சள் தண்ணீர். ஆராத்தி எடுத்து முடித்துவிட்ட பெண்கள் தாம்பாளத்தோடு நின்றிருந்தார்கள். ஊர்வலம் முன்னால் ஏறிக்கொண்டிருந்தது.

கூட்டத்துக்கு மேலே அண்ணனைக் கண்டாள். மஞ்சள் வேட்டி, விரித்த கைகள், குப்புறத் தொங்கும் முகம். கன்னத்தில் குறுக்காக அலகு குத்தியிருந்தது. டிரக்டர் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவன் முழு உடம்பும் மேலும் கீழும் ஆடியது. ஜனம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அரோகரா போட்டது. கமலாதேவி சட்டத்தின் காலைத்தான் பார்த்தாள். இரண்டு கால், ஒவ்வொன்றிலும் நாலு போல்ட். டிரக்டர் குலுங்கும்போது பின்பக்கத்து அடித்தகடு ஒரு விரல்கனம் எழும்பி உட்கார்ந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் வீரமலை முன்னால் குடையோடு நடந்துகொண்டிருந்தார். அவரிடம் ஓடினாள்.

“தலைவரே, ஒரு நிமிஷம் நிப்பாட்டச் சொல்லுங்க. சட்டத்துல பூட்டின நட்டு பிழையான நட்டு. இழுவைக்குத் தாங்காது. விழுந்துரும்.”

அவர் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாயக் கழுவு மொதல்ல. சாமி ஏறி நிக்கிற நேரத்துல விழும்கிற பேச்சா பேசுற?”

“கடையில காட்டினாங்க தலைவரே. இந்தா, இதப் பாருங்க, கிலுகிலுன்னு...”

“ஒரு தடவ வெளிநாடு போயிட்டு வந்தா நட்டு, போல்ட்டு எல்லாம் படிச்சிர்றீங்க. அவன் தொங்குறது யாருக்காக? ஒனக்காக. நீயே வந்து மறிக்கிற. போ, போயி ஆராத்தித் தட்டத் தூக்கு.”

சுற்றி நின்ற பெண்கள் அவளை முறைத்தார்கள். ஒருத்தி காறித் துப்பி அபசகுனத்தைப் போக்கிக்கொண்டாள். இன்னொரு தடவை வாயைத் திறந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏதாவது ஒரு லயத்து அறையில் பூட்டி வைப்பார்கள். அப்படிப் பூட்டிவிட்டால் சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்க ஆளே இருக்காது. கமலாதேவி வாயை மூடிக்கொண்டாள்.

டிரக்டரோடு நடந்து துஷாந்தின் சீட்டுப் பக்கம் போனாள். பழைய போல்ட்டில் பழைய நட்டை மாட்டி அவன் காதருகே குலுக்கினாள். பிறகு புதிய போல்ட்டில் நட்டை ஏற்றிக் குலுக்கினாள். துஷாந்த் கெட்டிக்காரன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வெளுத்துப்போனது.

“எட்டு நட்டுமே இப்படித்தானா?”

“எட்டும்.”

“நான் ஆட்டிப் பாக்கறப்பவே எனக்கு... சரி, கேளு. ஆள் முன்னால தொங்குறான். பாரம் பின்பக்கத்தத்தான் தூக்குது. பின்னால இருக்கிற நாலு போல்ட்டுதான் அவனப் புடிச்சு வச்சிருக்கு. மொதல்ல அந்த நாலு. ஒவ்வொரு லயத்துக்கும் ஆராத்திக்கு நிப்பாட்டுவேன். ஒரு நிறுத்தத்துக்கு ஒண்ணு மாத்தலாம். நான் அடியில போறேன், நீ மேல ஏறி போல்ட்டப் போடு.”

“பாறை வளைவுக்கு முன்னால எத்தன லயம்?”

அவன் பதில் சொல்வதற்கு முன்பே அவளும் எண்ணிவிட்டாள். இரண்டு, மூன்று, நான்கு. மூன்று நிறுத்தம். மாற்ற வேண்டியது நாலு. நாலாம் லயத்துக்கு அப்பால் ரோடு பாறையைச் சுற்றிச் செங்குத்தாக ஏறும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்த ஏற்றத்தில்தான் டிரக்டர் மிக மோசமாகக் குலுங்கும்.

இரண்டாம் லயத்தில் நிறுத்தினான். பெண்கள் தாம்பாளத்தோடு வந்தார்கள். கமலாதேவி டிரக்டர் பெட்டியில் ஏறி, அண்ணனுக்குக் கீழே, சட்டத்தின் காலடியில் மண்டியிட்டாள். தங்கச்சிக்காரி கும்பிடுகிறாள் என்று ஜனம் குலவையிட்டது. துஷாந்த் இறங்கினான்.

“வண்டிய விட்டுட்டு எங்கடா போற?” என்றார் வீரமலை.

“டீசல் ஒழுகுதுங்க தலைவரே. ஒரு நிமிஷம்.”

பெட்டிக்கு அடியில் அவன் கை வேலை செய்வது அவளுக்குத் தெரிந்தது. பழைய நட் ஸ்பேனர் இல்லாமலே கழன்றது. அவள் போல்ட்டை உருவினாள். பத்து மில்லி போல்ட்டைத் துளையில் வைத்தாள். வழி முழுக்க அவளைத் தின்ற கேள்வி அதுதான். போல்ட் வழுக்கிக்கொண்டு கீழே போனது. மூச்சு வந்தது. ஸ்பேனரால் தலையைப் பிடித்தாள், கீழே அவன் இறுக்கினான். பெட்டிப் பலகையில் மூன்று தட்டுத் தட்டினான். முடிந்தது என்று அர்த்தம்.

மூன்றாம் லயத்தில் இரண்டாவதும் அப்படியே போனது. நாலாம் லயத்தில் மாட்டிக்கொண்டது.

துளை இறுக்கமாக இருந்தது. போல்ட் பாதிக்கு மேல் இறங்கவில்லை. அடித்துத்தான் இறக்க வேண்டும். அவள் ஸ்பேனரின் அடியால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தத் தட்டு இரும்புக் காலில் ஏறி, குழாயில் ஓடி, கயிற்றில் இறங்கி, கொக்கிக்குப் போனது. மேலே நல்லையாவின் முதுகுத் தோல் துடித்தது. அவன் தொண்டையில் ஒரு முனகல். கமலாதேவி கையை எடுத்துவிட்டாள்.

“அடி” என்றான் துஷாந்த் கீழேயிருந்து.

“அண்ணனுக்கு வலிக்குது.”

“விழுந்தா வலிக்காதா? தப்போட சேத்து அடி. தப்பு விழுறப்ப அடிச்சா யாருக்கும் கேக்காது.”

தப்புக்காரர்கள் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். அவள் காதைக் கொடுத்தாள். டண்டனக்க, டண்டனக்க. ஒவ்வொரு டண்ணுக்கும் ஓர் அடி. அடிக்க அடிக்க மேலே அண்ணனின் உடம்பு உதறியது. கூட்டம் அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டது. அவளுக்குக் கண்ணீர் ஊற்றியது. ஏழாவது அடியில் போல்ட் தலை உட்கார்ந்தது. பெட்டிப் பலகையில் மூன்று தட்டு.

அதற்குள் ஆராத்தி முடிந்து, வீரமலை குடையை ஆட்டினார். போகலாம். துஷாந்த் சீட்டில் ஏறி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். இன்னும் ஒன்று. இடது காலில், வெளி ஓரத்தில், பள்ளத்துப் பக்கம்.

மழை தூறத் தொடங்கியது. பாறை வளைவு முன்னால் தெரிந்தது. கமலாதேவி பெட்டியிலிருந்து குதித்தாள். பின்னால் ஓட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு அலவி கூட்டத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் கையில் ஸ்பேனரையும், போல்ட்டையும், நட்டையும் திணித்தாள்.

“அண்ணே, வண்டி நிக்கும். நின்ன ஒடனே சக்கரத்துக்குக் கல்லு வைங்க. மேல ஏறி இடது பக்கத்து வெளி போல்ட்டப் போட்டு, தலையப் புடிங்க. துஷாந்த் கீழ பாத்துக்குவான்.”

“நான் ஏறலாமா? கோயில் வேலையாச்சே.”

“செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க.”

“வண்டி ஏன் நிக்கும்?”

அவள் அதற்குள் ஓடிவிட்டாள். டிரக்டரைத் தாண்டும்போது துஷாந்துக்குப் பெட்டியின் அடியைக் கைகாட்டிவிட்டு, தப்புக்காரர்களைத் தாண்டி, வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கூந்தல் அவிழ, சேற்று ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

நேர்த்திக்காரனின் சொந்தத் தங்கச்சி, அவன் யாருக்காக நேர்ந்தானோ அவளே, காவடிக்கு முன்னால் விழுந்து கிடந்தால் அவளை எழுப்ப எந்தத் தலைவருக்கும் துணிச்சல் வராது. தப்புக்காரர்கள் அவளைச் சுற்றி நின்று அடித்தார்கள். குலவை காதைப் பிளந்தது. டிரக்டர் நின்றது. இன்ஜின் சத்தத்தில் மண் அதிர்ந்தது. அவள் கன்னம் சேற்றில். பத்தடி தூரத்தில் டிரக்டரின் பெரிய சக்கரம்.

சீட்டில் ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஹேண்ட் பிரேக்கும் ஒரு கல்லும். அவ்வளவுதான். அவள் எண்ணினாள். கழற்ற இருபது. உருவப் பத்து. போட, இறுக்க முப்பது. எண்ணிக்கை எண்பதைத் தாண்டியும் மூன்று தட்டுக் கேட்கவில்லை. தூறல் பெரிய மழையானது. வீரமலை குனிந்து, “போதும்மா, எந்திரி, ஆத்தா ஏத்துக்கிட்டா” என்றார். அவர் குரல் இப்போது வேறு மாதிரி, பயந்த குரலாக இருந்தது. அவள் விரல்களைச் சேற்றில் புதைத்துக்கொண்டு கிடந்தாள். நூறு. நூற்றிப் பத்து.

இவ்வளவு இரைச்சலில் மூன்று தட்டு எப்படிக் கேட்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெட்டியில் தொப்பியோடு அலவி எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஸ்பேனரை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனையும் பார்த்துக் கூட்டம் அரோகரா போட்டது.

அவள் எழுந்தாள். துஷாந்த் சீட்டுக்கு ஏறப் போகும் வழியில் அவள் கையில் ஒரு நட்டைத் திணித்துவிட்டுப் போனான்.

“திருகவே இல்ல. இழுத்தேன், கையோட வந்துருச்சு.”

உள்ளே புரியே இல்லை. வழவழவென்று மோதிரம் மாதிரி இருந்தது.

வளைவில் டிரக்டர் குலுங்கியது. அவள் சட்டத்தின் காலைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்தாள். அடித்தகடு எழும்பவில்லை. ஐந்தாம், ஆறாம், ஏழாம் லயங்களில் முன்பக்கத்து மூன்றையும் மாற்றினார்கள். கடைசி ஒன்று, மாற்ற நேரமில்லாமல், அப்படியே கோயில் வரைக்கும் போனது.

நல்லையாவை இறக்கி, கொக்கிகளைக் கழற்றி, திருநீறு அப்பினார்கள். வீரமலை கூட்டத்தைப் பார்த்து, இந்த மாதிரிப் பக்தி இந்தத் தோட்டத்தில் கண்டதில்லை என்றார். துஷாந்த் எங்கோ பார்த்தான். அலவி ஒரு வாழையிலைச் சோறு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

கோயிலுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அண்ணன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். முதுகைச் சாய்க்க முடியாது. கன்னத்தில் அலகு இருந்த இடத்தில் சாம்பல். கமலாதேவி எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள். கையில் சேறு இன்னும் காயவில்லை.

“நீ ஏன் ரோட்டுல விழுந்த?” என்றான்.

அவள் சொல்லிவிட்டாள். முந்தாநாள் வாங்கிய நட், கடையில் உருவி எடுத்தது, தப்போடு சேர்த்து அடித்த ஏழு அடி, எல்லாம். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான்.

“ஆத்தங்கரையிலேருந்து கெளம்பறப்பவே ஆடுச்சு.”

“ஒனக்குத் தெரியுமா?”

“தொங்குறவனுக்குத் தெரியாதா? சாமி வந்துரும், ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு. நிப்பாட்டுங்கன்னு கத்தணும்னு இருந்துச்சு. வாயில அலகு. தலைய ஆட்டினேன். ஆட்டினா அரோகராங்கிறாங்க.”

கமலாதேவி அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டியது.

“பயந்தியா?”

“பயந்தேன். நீ பெட்டியில ஏறி, ஸ்பேனர எடுத்தப்பத்தான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லிராத.”

“சொல்ல மாட்டேன்.”

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“மூணு வருஷத்துக்கு நேந்திருக்கேன் தங்கச்சி. இன்னும் ரெண்டு இருக்கு.”

அவளுக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவன் முதுகைப் பார்த்தாள். சாம்பலுக்கு அடியில் எட்டு இடம் வீங்கியிருந்தது.

“நேந்தது எனக்காகத்தானே? நான் வந்துட்டேன். மிச்ச ரெண்டையும் நான் எடுக்கிறேன். பால்குடம். தரையில நடந்து.”

“அது சரி வராது. ஆம்பள நேந்தத...”

“தலைவருகிட்ட நான் பேசிக்கிறேன். இன்னைக்கு என் பேச்சக் கேப்பாரு.”

அவன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். பிறகு காலிக் குவளையை அவளிடம் நீட்டினான்.

“இன்னும் கொஞ்சம் தண்ணி குடு” என்றான்.